பஞ்சுவின் ஒரே கேள்வி

பஞ்சுவுக்கு வயது பத்து. பள்ளிக்கூடப் பதிவேட்டில் அவளுக்கு வேறொரு நல்ல பெயர் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே சும்மா இருந்துவிடுவாள். எந்நேரமும் சட்டைப் பையில் ஓர் உருண்டை பஞ்சு வைத்திருப்பாள். அதனால் வீட்டிலும் தெருவிலும் அவள் பஞ்சுதான்.

அது காதில் வைத்துக்கொள்வதற்கு. சத்தம் என்றால் அவளுக்கு அவ்வளவு பயம். குக்கர் விசில் அடிக்கப் போகிறது என்பது அம்மாவுக்குத் தெரியும் முன்பே இவளுக்குத் தெரிந்துவிடும். பிறந்தநாள் வீட்டில் மற்ற பிள்ளைகள் பலூனைப் பார்த்து ஓடினால், இவள் வாசலைப் பார்த்து ஓடுவாள்.

அப்படிப்பட்டவள்தான் அந்தச் சனிக்கிழமை காலையில், நைட்ரோ கார் வாங்குவதற்காகப் பேருந்தில் உட்கார்ந்திருந்தாள். 

நைட்ரோ கார் என்றால் ரிமோட்டில் ஓடும் கார்தான். ஆனால் பேட்டரியில் 'உய்ங்' என்று ஓடும் சாதுவான கார் இல்லை. அதற்குள் எலுமிச்சம்பழ அளவில் ஒரு நிஜ எஞ்சின் இருக்கும். அதற்கு நிஜ எரிபொருள் ஊற்ற வேண்டும். கயிற்றைச் சுண்டி இழுத்துக் கிளப்ப வேண்டும். கிளம்பிவிட்டால் புகை விடும், கத்தும், சைக்கிளை முந்தும். இதையெல்லாம் அண்ணன் சொல்லிச் சொல்லி அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. சொல்லும்போதெல்லாம் அவனுக்குக் கண் பளபளக்கும். அவளுக்கு உள்ளங்கை வியர்க்கும்.

அண்ணனுக்கு வயது பன்னிரண்டு. இரண்டு வருடமாக அவனுக்கு இதே கனவு. போன வாரம் அத்தை தொலைபேசியில் பேசும்போது, இருவருக்கும் சேர்த்து ஒரே பரிசு வாங்கித் தருவதாகவும், இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் சொன்னார். அத்தை பேசி முடிப்பதற்குள் அண்ணன் "நைட்ரோ" என்று சொல்லிவிட்டான்.

பஞ்சுவின் வீட்டில் ஒரு விதி உண்டு. பிள்ளைகள் இருவருக்கும் பொதுவாக எதை வாங்கினாலும், கடையில் வைத்தே இருவரும் அதன்மேல் கையை வைக்க வேண்டும். இரண்டு கை விழுந்தால் பொருள் வீட்டுக்கு வரும். ஒரு கைதான் விழுந்தது என்றால் பொருள் கடையிலேயே இருக்கும். கேரம் பலகை, சைக்கிள், படிக்கும் மேசை எல்லாம் இரண்டு கை விழுந்து வந்தவைதான். ஓயாத சண்டைக்கு அம்மா கண்டுபிடித்த மருந்து அது.

போன வருடம் ஒரு கடையில் அண்ணன் ஒரு டிரம்மின் மேல் கையை வைத்தான். பஞ்சு வைக்கவில்லை. அண்ணன் சண்டை போடவில்லை, முறைக்கவும் இல்லை. கையை மட்டும் மெதுவாக எடுத்துக்கொண்டான். அவன் கத்தியிருந்தால்கூட அவள் மறந்திருப்பாள். அந்தக் கை மெதுவாக விலகியதுதான் அவளுக்கு மறக்கவே இல்லை.

இந்த முறையும் வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியாது. சரி என்று சொன்னாலோ, அந்தக் கத்தும் பூதம் வீட்டுக்கே வந்துவிடும். போதாக்குறைக்கு, அதைக் கிளப்ப இரண்டு பேர் வேண்டுமாம். ஒருவர் ரிமோட்டைப் பிடிக்க, இன்னொருவர் காரைப் பிடிக்க. காரைப் பிடிக்கப் போவது யார் என்று சோழி உருட்டிப் பார்க்க வேண்டியதில்லை. முன்னே போனால் கடிக்கும், பின்னே வந்தால் உதைக்கும் என்பார்களே, அந்த நிலைமையில் இருந்தாள் பஞ்சு.

"ஏன் பஞ்சு, முகம் இப்படி வெளுத்திருக்கு?" என்று அம்மா கேட்டார்.

"ஒண்ணுமில்லம்மா. பஸ் குலுங்குது."

பேருந்து அப்போது சிக்னலில் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அம்மா ஒரு நிமிடம் அவளையே பார்த்தார். 

அம்மா எலக்ட்ரீஷியன். உயரமான ஏணியில் ஏறி, ஒரு கையில் கம்பியும் வாயில் திருகாணியுமாக நின்று வேலை செய்பவர். அவருக்கு எதைக் கண்டும் பயமில்லை. அவர் வீட்டில் ஒரே ஒரு பெருங்குற்றம்தான் உண்டு. அது, விளக்கையோ விசிறியையோ அணைக்காமல் போவது. "கையை விட்டா அணைச்சுட்டுப் போ" என்று சொல்லிச் சொல்லி, பிள்ளைகள் இருவருக்கும் விரல் தானாகவே சுவிட்சுக்குப் போகும். ஒருமுறை அண்ணன் நண்பன் வீட்டிலிருந்து கிளம்பும்போது விசிறியை அணைத்துவிட்டு வந்தான். அதன் கீழே நண்பனின் அப்பா படுத்திருந்தார்.

கடை ஒரு நீளமான அறை. சுவர் நிறையச் சக்கரங்களும் பல்சக்கரங்களும் தொங்கின. விளக்கெண்ணெயையும் ஸ்பிரிட்டையும் கலந்தது போல ஒரு வாசனை அடித்தது. கடைக்காரருக்குத் தலையில் முடி இல்லை. அந்தக் குறையை அவருடைய புருவங்கள் தீர்த்துவைத்தன. அவருக்குக் காதும் சரியாகக் கேட்காது. இளவயதில் காதை மூடாமல் எஞ்சின்களோடு மல்லுக்கட்டியதற்குக் கிடைத்த பலன் அது என்று அவரே சொன்னார். அதையும் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

இந்தக் கார்கள் மனிதருடைய காதையே தின்றுவிடும் போலிருக்கிறது என்று பஞ்சு நினைத்தாள். சட்டைப் பைக்குள் கையை விட்டுப் பஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மேசையின் மேல் மூன்று கார்கள் இருந்தன. ஒன்று ஆரஞ்சு நிறம், தரையோடு தரையாக நீளமாக இருந்தது. இரண்டாவது, யானைக்கால் போன்ற சக்கரங்கள் கொண்ட கறுப்பு லாரி. மூன்றாவது பச்சை நிறம். யாரோ வைத்திருந்து விற்றது. உடம்பெல்லாம் கீறல், முன்பக்கம் ஒரு விளக்கின் படம் பாதி உரிந்து ஒற்றைக்கண்ணன் போல இருந்தது.

அண்ணன் ஆரஞ்சைப் பார்த்தான். அப்புறம் வேறு எதையும் பார்க்கவில்லை.

எவ்வளவு வேகம் போகும், எத்தனை அடி தாவும், புகை எவ்வளவு வரும் என்று அவன் அடுக்கிக்கொண்டே போனான். கடைக்காரரும் சலிக்காமல் பதில் சொன்னார். உதிரிபாகம் கிடைக்குமா என்று அம்மா கேட்டார். அதற்கும் பதில் வந்தது.

"எப்படி நிறுத்துறது?" என்று பஞ்சு கேட்டாள்.

கடைக்காரருக்குக் கேட்கவில்லை. அவள் இன்னொரு முறை கேட்டாள். அவர் புருவத்தை உயர்த்திக் குனிந்து காதைக் காட்டினார். பஞ்சு மூச்சை இழுத்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து போடாத ஒரு சத்தம் போட்டாள்.

"எப்படி நிறுத்துறது?"

 தன் சத்தத்துக்குத் தானே திடுக்கிட்டு அவள் அம்மாவின் பின்னால் போய் நின்றாள்.

கடைக்காரர் புருவத்தைச் சொறிந்துகொண்டார். இத்தனை வருடத்தில் வாங்க வந்த யாரும் இதைத் தன்னிடம் கேட்டதில்லை என்றார். பிறகு பஞ்சுவை முன்னால் அழைத்து, அவளுக்காகவே ஒவ்வொன்றாகக் காட்டினார். எஞ்சினுக்கு எரிபொருள் போகும் மெல்லிய குழாயைக் கிள்ளிப் பிடித்தால் நின்றுவிடும். அது எட்டாவிட்டால், புகை வரும் வாயைத் தடித்த துணியால் அழுத்தி அடைக்க வேண்டும். மூச்சுவிட வழியில்லாமல் மூன்று எண்ணுவதற்குள் நின்றுவிடும். அந்தப் புகைக்குழலுக்குச் சைலன்சர் என்று பெயராம். அது இருந்துமே காதைத் தின்னும் சத்தமா என்று பஞ்சு நினைத்தாள்.

"இன்னொண்ணு. ரிமோட்டை முதல்ல போடணும், கடைசியா அணைக்கணும். எஞ்சின் ஓடும்போது ரிமோட்டை அணைச்சா, யார் பேச்சைக் கேக்கறதுன்னு காருக்குத் தெரியாது. இஷ்டத்துக்குக் கிளம்பிடும்."

"சரி, சரி" என்றான் அண்ணன். அவன் ஆரஞ்சுக் காரின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான்.

பஞ்சு விடவில்லை. துணி நழுவினால் என்ன செய்வது என்று கேட்டாள். திரும்ப அழுத்த வேண்டும். கை சுட்டால்? அதற்குத் தோல் கையுறை இருக்கிறது. எரிபொருள் தீர்ந்து தானாக நிற்கட்டும் என்று விட்டுவிட்டால்? முழு வேகத்தில் கத்திக்கொண்டே எரிபொருள் தீர்ந்தால் எஞ்சின் வெந்துபோகும்.

"ரிமோட் வேலை செய்யாம, கார் ஓடிக்கிட்டே இருந்தா?"

"போதும் பஞ்சு, நீ என்ன பரீட்சையா எழுதப் போற?" என்று அண்ணன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். "வாங்க, ஓட்டிப் பாக்கலாம்."

அந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை. 

கடைக்குப் பின்னால் மதில் சூழ்ந்த ஒரு முற்றம் இருந்தது. சிமெண்டுத் தரை. ஒரு மூலையில் பழைய டயர்களை அடுக்கியிருந்தார்கள். நடுவில் ஒரு பெஞ்ச். அதன்மேல் கனமான தார்ப்பாய் ஒன்று மடித்துக் கிடந்தது. எதிர்ப்பக்கத்து இரும்புக் கதவு பாதி திறந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் சந்து.

பயந்த பிள்ளைக்கு எங்கே போனாலும் கண் முதலில் வாசலைத்தான் தேடும். பஞ்சு வாசலைப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

கடைக்காரர் எல்லாருக்கும் காதுமூடி கொடுத்தார். பஞ்சு முதலில் பஞ்சை வைத்துக்கொண்டு, அதன்மேல் காதுமூடியை மாட்டிக்கொண்டாள். அதைப் பார்த்து அவர் சிரித்தார். நிறுத்துவது எப்படி என்று கேட்டவள் கையில்தான் துணி இருக்க வேண்டும் என்று சொல்லி, ஒரு தோல் கையுறையையும் தடித்த துணியையும் அவளிடம் கொடுத்தார். கையுறை அவளுக்கு முழங்கை வரைக்கும் வந்தது.

ஆரஞ்சுக் காரைத் தரையில் வைத்து, கயிற்றைச் சுண்டி இழுத்தார். ஒருமுறை. இரண்டு முறை. கிளம்பாமல் இருக்கட்டும் என்று பஞ்சு வேண்டிக்கொண்டாள். மூன்றாவது இழுப்பில் அது கிளம்பியது.

பத்து மிக்ஸியில் ஒரே நேரத்தில் கல்லைப் போட்டு அரைத்தது போல இருந்தது. காதில் வைத்த பஞ்சு, காதுமூடி எல்லாவற்றையும் தாண்டி அந்தச் சத்தம் பல்லுக்குள் போய் அதிர்ந்தது. நீலப் புகை முகத்தில் வந்து மோதியது. பஞ்சு துணியை மார்போடு அணைத்துக்கொண்டு மதிலோடு மதிலாக ஒட்டிக்கொண்டாள்.

அண்ணன் ரிமோட்டை வாங்கிக்கொண்டான். கார் முற்றத்தைச் சுற்றியது. அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவள் பார்த்ததே இல்லை. அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பயம் இன்னும் அதிகமாயிற்று. இதற்கு எப்படி வேண்டாம் என்று சொல்வது?

இரண்டு சுற்றுக்குப் பிறகு கார் பெஞ்சருகே வந்து நின்றது. எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. கறுப்பு லாரியையும் எடுத்து வந்து காட்டுவதாகச் சைகை செய்துவிட்டுக் கடைக்காரர் உள்ளே போனார்.

அண்ணனுக்குக் கை வியர்த்திருந்தது. துடைத்துக்கொள்வதற்காக ரிமோட்டைப் பெஞ்சின் மேல் வைத்தான். வைத்த கையோடு, அவன் விரல் தானாகப் போய் அதன் சுவிட்சை அணைத்தது. கையை விட்டால் அணைக்க வேண்டும் அல்லவா?

பஞ்சு அதைப் பார்த்தாள். "அணைக்காத" என்று அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை.

கார் ஒரு நொடி நடுங்கியது. பிறகு வீறிட்டுக் கிளம்பியது.

அண்ணன் பாய்ந்து ரிமோட்டை எடுத்தான். பதற்றத்தில் அது கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. மூடி திறந்து, எட்டு பேட்டரிகளும் எட்டுத் திசைக்கு உருண்டன. கார் ஒரு பக்கம் சாய்ந்து வட்டமடிக்கத் தொடங்கியது. மதிலில் உரசித் தீப்பொறி பறந்தது. அண்ணன் டயர் அடுக்கின் மேல் தாவி ஏறினான்.

எதற்கும் பயப்படாத அம்மா என்ன செய்தார் தெரியுமா? ஆபத்து என்றால் அவர் எங்கே ஓடுவாரோ அங்கேதான் ஓடினார். கடைச் சுவரில் இருந்த மின்பெட்டியைத் திறந்து மெயின் சுவிட்சை இறக்கினார். கடையில் எல்லா விளக்கும் அணைந்தன. கார் அதையெல்லாம் கண்டுகொள்ளவே இல்லை.

பஞ்சுவின் கால்கள் கதவைப் பார்த்து ஓடின. அவள் ஓடச் சொல்லவில்லை, அவையாகவே ஓடின. இரண்டு எட்டில் சந்துக்குப் போய்விடலாம். அப்புறம் இந்தச் சத்தம் இல்லை, புகை இல்லை, எதுவும் இல்லை. பாதி திறந்த கதவில் அவள் கை பட்டது.

சந்தில் மூன்று சக்கர சைக்கிளில் ஒரு குட்டிப் பையன் வந்துகொண்டிருந்தான். பூனைக்குட்டி படம் போட்ட சட்டை. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று வாயைப் பிளந்து பார்த்தபடியே, நேராகக் கதவை நோக்கி மிதித்து வந்தான்.

அவளுக்குப் பின்னால் வட்டம் பெரிதாகிக்கொண்டே வந்தது. அடுத்த சுற்றில் அல்லது அதற்கடுத்த சுற்றில் கார் இந்த வழியாகத்தான் வெளியே பாயும்.

பஞ்சுவுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே கதவை இழுத்துச் சாத்தினாள். வெளியே போய்ச் சாத்தியிருக்கலாம். ஆனால் தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருந்தது. அவள் உள்ளே நின்று தாழ்ப்பாளைப் போட்டாள்.

போட்ட அடுத்த நொடி கார் கதவில் மோதியது. டமார் என்ற சத்தம் அவள் முதுகெலும்பில் இறங்கியது. கார் துள்ளித் திரும்பி மறுபடியும் வட்டத்தைப் பிடித்துக்கொண்டது.

இப்போது தப்பி ஓட அந்த வாசலும் இல்லை. பஞ்சு கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். பயந்த பிள்ளைக்கு ஒன்று தெரியும், எது எந்தப் பக்கமிருந்து வரும் என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். கார் கண்டபடி ஓடவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் டயர் அடுக்குக்கும் பெஞ்சுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி வழியாகத்தான் போனது.

அவள் பெஞ்சுக்கு ஓடித் தார்ப்பாயை இழுத்தாள். அது அவளைவிடக் கனமாக இருந்தது. ஒரு முனையைப் பிடித்து அண்ணனை நோக்கி வீசினாள். அண்ணன் டயர் மேல் உட்கார்ந்து விழித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, அதைப் பிடி!"

காதுமூடியைத் தாண்டி அவனுக்குக் கேட்டது. சற்று முன் கடையில் போட்ட சத்தத்தைவிட அது பெரியது. அவன் குனிந்து முனையைப் பிடித்துக்கொண்டான். தார்ப்பாய் இருவருக்கும் நடுவில் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. ஆரஞ்சுக் கார் நேராக அதற்குள் வந்து புகுந்தது. இருவரும் கையை விட்டார்கள்.

சக்கரங்கள் தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு சிக்கின. கார் நின்றது. எஞ்சின் நிற்கவில்லை. தார்ப்பாய்க்குள்ளிருந்து வீறிட்டது, புகை குபுகுபுவென்று வந்தது. உள்ளே எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும். தார்ப்பாய் தீப்பிடித்தால்?

 அவள் உடனே தார்ப்பாயை விலக்கினாள். ஆரஞ்சுக் காரின் சைலன்சர் வாய் அடிப்பக்கம், உள்ளே தள்ளி இருந்தது. கையுறை போட்ட கையை முழங்கை வரை உள்ளே விட வேண்டியிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொள்ள ஆசைப்பட்டாள். மூடாமல், துணியை அந்த வாயில் வைத்து அழுத்தினாள்.

ஒன்று. துணி நழுவியது. திரும்ப அழுத்தினாள்.

ஒன்று. இரண்டு.

மூன்று எண்ணுவதற்குள் அது நின்றது.

காதிலிருந்ததையெல்லாம் எடுத்ததும் சந்திலிருந்து சைக்கிள் மணி அடிக்கும் சத்தம் கேட்டது. குட்டிப் பையன் கதவைத் திறக்கச் சொல்லி மணியடித்துக்கொண்டிருந்தான்.

விளக்கு அணைந்ததைப் பார்த்துவிட்டு, ஃபியூஸ் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு கடைக்காரர் மெதுவாக வெளியே வந்தார். தார்ப்பாயையும், காரையும், தரையெல்லாம் கிடந்த பேட்டரிகளையும் பார்த்தார். நடந்ததை அம்மா சத்தம் போட்டுச் சொல்லி முடித்ததும் அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஓடுகிற எஞ்சினை விட்டுவிட்டு உள்ளே போனது தன் தப்பு என்று மூன்று முறை சொன்னார்.

"ரிமோட்டை அணைச்சது நான்தான்" என்றான் அண்ணன். அவன் உதடு காய்ந்திருந்தது. அம்மா தன் விரலையே ஒருமுறை பார்த்துக்கொண்டார். யாரும் யாரையும் திட்டவில்லை.

பஞ்சு அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள். 

அம்மா மெயினை ஏற்றினார். கடைக்குள் வந்ததும் கடைக்காரர் ஆரஞ்சுக் காரைத் துடைத்து மேசையில் வைத்தார். கதவில் மோதிய இடத்தில் ஒரு கீறல், மற்றபடி நல்லபடியாகத்தான் இருந்தது. அண்ணன் பழக்கத்தில் அதன்மேல் கையை வைத்தான். பிறகு பஞ்சுவின் முகத்தைப் பார்த்தான். கண்ணீர் காய்ந்து கோடாக இருந்தது.

"வேணாம்மா. பேட்டரி காரே வாங்கிக்கலாம்" என்றான்.

அவன் கை மெதுவாக விலகியது. போன வருடம் டிரம்மிலிருந்து விலகியதைப் போலவே விலகியது.

 பேட்டரி கார் என்றால் எவ்வளவு நன்றாக இருக்கும். கத்தாது, புகை விடாது, இன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம். "சரி" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் அதைச் சொல்லாமல் மூன்று கார்களையும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பிறகு கடைக்காரரின் அருகே போய், அவருக்குக் கேட்கும்படி கேட்டாள்.

"ரிமோட் அணைஞ்சுபோனா, தானா நிக்கிற கார் எது?"

அவருடைய புருவங்கள் இரண்டும் மேலே போயின. பச்சைக் காரை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினார். அதை முன்பு வைத்திருந்தவர் ஒரு சின்னப் பெட்டியை உள்ளே பொருத்தியிருந்தார். ரிமோட்டின் பேச்சு கேட்காமல் போனால், அந்தப் பெட்டி வேகத்தைத் தானே குறைத்துக் காரை நிறுத்திவிடும். ஆனால் ஆரஞ்சின் வேகத்தில் பாதிதான் இது போகும் என்றார். கீறலுக்கும் தான் பொறுப்பில்லை என்றார்.

பஞ்சு குனிந்து பார்த்தாள். இதன் சைலன்சர் வாய் பக்கவாட்டில், வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எரிபொருள் குழாயும் விரலுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

"அணைச்சுப் பாக்கணும்" என்றாள்.

மறுபடியும் முற்றத்துக்குப் போனார்கள். இந்த முறை கடைக்காரர் காரை விட்டு ஓர் அடிகூட நகரவில்லை. கயிற்றை இழுத்ததும் அதே சத்தம், அதே நீலப் புகை. பயம் ஒரு துளிகூடக் குறையவில்லை.  ஆனால் துணி கையில் இருந்தது, அதை எங்கே வைக்க வேண்டும் என்றும் தெரிந்திருந்தது. அண்ணன் காரை ஓட்டிக்கொண்டே அவளைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அவன் வேண்டுமென்றே ரிமோட்டை அணைத்தான்.

அம்மா ஏற்கெனவே மெயின் பெட்டியின் பக்கத்தில் தயாராக நின்றிருந்தார்.

பச்சைக் கார் இரண்டு அடி உருண்டது. உறுமல் தணிந்தது. சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளையாக அப்படியே நின்றது. பஞ்சு போய்க் குழாயைக் கிள்ளி எஞ்சினையும் நிறுத்தினாள்.

பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் கையை அந்தக் கீறல் விழுந்த முதுகின் மேல் வைத்தாள்.

அண்ணன் அவள் கையையே பார்த்தான். "உனக்குப் பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு. ஆனா இதை எனக்கு நிறுத்தத் தெரியும்."

அண்ணனின் கை அவள் கைக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. அம்மா எண்ணிப் பார்ப்பது போல இரண்டு கையையும் தொட்டுவிட்டு, மெயினை ஏற்றியாயிற்றா என்று இன்னொரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

வீடு திரும்பும் பேருந்தில் பெட்டி பஞ்சுவின் மடியில் இருந்தது. அதன்மேல் கடைக்காரர் சும்மா கொடுத்த தடித்த துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஓட்டுநர் நீளமாக ஹாரன் அடித்தார். பஞ்சு பழக்கம் மாறாமல் இரண்டு காதிலும் பஞ்சை வைத்துக்கொண்டாள்.

அண்ணன் அவள் தோளைத் தட்டினான். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவன் இப்போது அவள் பக்கம் முழுசாகத் திரும்பியிருந்தான். தூக்கிப் பிடித்த புருவத்தோடு அவன் ஏதோ கேட்டான். அவள் காதில் பஞ்சு இருந்ததால் வாயசைவு மட்டும்தான் தெரிந்தது.

அவள் ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தாள். "என்ன?"

"எப்படி நிறுத்துறது? முதல்லேருந்து சொல்லு."

பஞ்சு இன்னொரு காதிலிருந்த பஞ்சையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சொல்லத் தொடங்கினாள்.